எழுப்பாமல் விட்ட ஆள்

கல்லுமலைத் தோட்டத்துக்குப் போய் அழகன் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். ரதி எங்கே என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட அவன் லயத்து வீட்டைக் கைகாட்டும். டிக்கோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டம் அது. அங்கே மாசி மாதம் பிறை கண்டு கம்பமாகக் காமனை ஊன்றினால், பௌர்ணமியில் எரித்து, மூன்றாம் நாள் எழுப்புவார்கள். தவத்தைக் கெடுத்த மன்மதனைச் சிவன் எரிப்பார். புருசனைத் திருப்பித் தா என்று ரதி அழுவாள். சிவன் மனமிரங்கி எழுப்பிக் கொடுப்பார். கதை அவ்வளவுதான், எல்லாருக்கும் மனப்பாடம். ஆனாலும் நாலு தோட்டத்துச் சனம் பனியில் நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது அந்த ரதியின் அழுகைக்காகத்தான். அந்த ரதி அழகன்.

மீசை அரும்பும் முன்பே சேலை கட்டியவன். பகலில் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. மாசி வந்துவிட்டால் நடையே மாறிவிடும். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கையா அதட்டினால்கூட ரதியைப் போல ஒரு பக்கம் தலையைச் சாய்த்துத்தான் பதில் சொல்லுவான். பெண்கள் சிரிப்பார்கள், ஆனால் அவன் அழ ஆரம்பித்ததும் முதலில் முந்தானையைத் தேடுகிறவர்களும் அவர்கள்தான்.

அந்தக் கூத்துக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. வேசம் கட்டுகிறவன் கையில் மஞ்சள் நூல் காப்பு ஏறிவிட்டால், காமனை எழுப்புகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அது ஒன்று. எரித்த காமனை எழுப்பாமல் விடக் கூடாது, விட்டால் தோட்டத்துக்கு ஆகாது. இது இரண்டாவது. தொரை மாறினார், கம்பனி போய் அரசாங்கம் வந்தது, பஞ்சத்தில் சனம் கிழங்கும் கீரையும் தின்று உயிரை இழுத்துப் பிடித்தது. இந்த இரண்டு கட்டுப்பாட்டை மட்டும் யாரும் மீறவில்லை. தோட்டத்தில் மீறுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன, அதையெல்லாம் விட்டுவிட்டு இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சத்துக்கு முந்தியே சனம் இந்தியாவுக்குத் திரும்பிப் போக மனுப்போட ஆரம்பித்திருந்தது. ராக்காயியின் அப்பன் குடும்பத்தோடு மனுப்போட்டபோது அவள் குமரி. அழகனின் ஆத்தாளும் தன் மகனோடு சேர்த்து ஒரு மனுப்போட்டிருந்தாள். அப்புறம்தான் அழகனுக்கும் ராக்காயிக்கும் கல்யாணம் நடந்தது. ஒரே காம்பராவில் படுத்தார்கள், ஒரே சட்டியில் சோறாக்கினார்கள், ஆனால் ஆபீசுக்கு அவர்கள் இரண்டு குடும்பம். "ஒங்களுது பின்னாடி வரும்" என்று கண்டி இந்திய ஆபீசில் சொன்னார்கள். அரசாங்கம் பின்னாடி வரும் என்று சொன்னால் எத்தனை வருசம் பின்னாடி என்று கேட்கிற தைரியம் நம் ஆட்களுக்கு எப்போது இருந்தது!

எழுபத்தொன்பதாம் வருசம் ராக்காயிக்குப் பாஸ்போர்ட் வந்தது. கப்பல் நாளும் வந்தது. அது மாசி மாதத்தில், காப்புக் கட்டுகிற நாளுக்கும் காமனை எழுப்புகிற நாளுக்கும் நடுவில் விழுந்தது.

"இந்த ஒரு வருசம் வேற யாராச்சும் சேலைய கட்டட்டுங்க" என்றாள் ராக்காயி. "தலைமன்னாரு வரைக்கும் வந்து என்னைய கப்பல்ல ஏத்தி விடுங்க. அது போதும் எனக்கு."

"சரி புள்ள" என்றான் அழகன். அப்போது மனசாரத்தான் சொன்னான்.

மறுநாள் சாயந்திரம் காமன் பொட்டலில் அவனுக்குப் பதிலாகச் சின்னராசாவை அழுது காட்டச் சொன்னார்கள். சின்னராசா பல்வலிக்காரன் போல அழுதான். எல்லாரும் அழகனைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. அந்தப் பார்வை போதுமாக இருந்தது அவனுக்கு. காப்புக்குக் கையை நீட்டிவிட்டான்.

ராக்காயி போகிற அன்றைக்கு அப்பன், ஆத்தாள், தகரப்பெட்டி, மூட்டை முடிச்சு எல்லாம் தோட்டத்து எல்லைப் பாலத்தைக் கடந்து நின்றன. அழகன் இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பாலம் ஒரு மாட்டுவண்டி நீளம்கூட இராது.

"ஏங்க, டேசன் வரைக்குமாவது வாங்க."

"காப்பு கட்டியிருக்கேனே புள்ள."

ராக்காயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தாள். "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு ரதி அழுத அழுகையைப் போல அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை என்பார்கள். தப்புமேளம் அடிக்கிறவன் அடியை மறந்து நின்றுவிட்டான். "நெசப் பொண்டாட்டி போன மாதிரில்ல அழுவுறான்!" என்று மெச்சினார்கள். மெச்சின வாயைப் பிடித்து இழுத்து, அட பாவிகளா, போனது நிசப் பெண்டாட்டிதானே என்று சொல்ல அங்கே ஒரு ஆளில்லை. அழகனுக்கும் அந்த மெச்சுதல் இனித்தது. அதுதான் கொடுமை.

இனிப்பெல்லாம் ஒரு மாதம். காம்பராவில் அவனால் இருக்க முடியவில்லை. அவன் ஆத்தாளும் அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். பெரட்டுக்குப் போகாமல் சுருண்டு கிடந்தான், தோட்டத்துக் கணக்கில் பேரை வெட்டினார்கள். கடைசியில் அட்டன் டவுனுக்கு இறங்கி வந்து, பொன்னையா முதலாளியின் டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனான். கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தால் மேட்டில் ரயில்வே ஸ்டேசன் தெரியும். ஒவ்வொரு ரயிலும் கூவும்போது நிமிர்ந்து பார்ப்பான்.

பொன்னையா முதலாளி புதுசு எது வந்தாலும் கை வைத்துப் பார்க்கிற ஆள். எண்பத்திரண்டில் கொழும்புக்குப் போனவர் லொறியில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். அலுமாரி உயரம், முன்னால் கண்ணாடி, கீழே சிவப்புக் குமிழ் வைத்த ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு பொத்தான். வீடியோ கேம் என்றார். சனத்தின் வாயில் அது கேம் பெட்டி ஆனது. காசைப் போட்டால் உள்ளே ஒரு மலை எழும்பும். மலையில் வரிசை வரிசையாகப் படிக்கட்டு. அடியில் தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருத்தன், உச்சியில் விளக்கெரிகிற ஒரு வீடு, வீட்டு வாசலில் சிவப்புப் பாவாடைக்காரி. மேலேயிருந்து பாறை உருண்டு வரும். கம்பியால் அவனை நடத்தி, பொத்தானைத் தட்டித் தாண்ட வைத்து, மேலே ஏற்ற வேண்டும். பாறை பட்டால் செத்தான். மூன்று முறை சாகலாம். மூன்றாம் முறை மலையடியில் மல்லாந்து விழுந்து கிடப்பான், பெட்டி ஒரு அழுகைப் பாட்டுப் பாடும், இங்கிலீசு எழுத்து மின்னி மின்னி மறையும்.

டவுன் பையன்கள் இரண்டு வாரம் ஆடினார்கள், அலுத்துப் போனார்கள். தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் வந்து எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காசைக் கொட்டி வாங்கிய பெட்டியைப் பொன்னையா முதலாளி முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அழகன் வாயைத் திறந்தான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலைக்காரன் இராமையா ஒரு காசு போட்டு, மூன்று உயிரையும் முதல் படியிலேயே தொலைத்துவிட்டு நகரப் பார்த்தான். கிளாஸ் கழுவுகிற இடத்திலிருந்து அழகன் கேட்டான்:

"என்னாண்ணே, கெடத்திப்புட்டு அப்புடியே போறீங்க? மேல ஒருத்தி நிக்கிறா பாருங்க."

இராமையா பார்த்தான். உச்சியில் அந்தப் பாவாடைக்காரி நின்றுகொண்டுதான் இருந்தாள். அழுகைப் பாட்டுக் கேட்டது.

"அவ பொண்டாட்டிண்ணே. பிரிச்சு மேல கொண்டு வச்சிட்டானுங்க. இவன் ஏறிப் போயி சேரணும். மூணு உசுரு குடுத்திருக்கான், எதுக்கு மூணு? நம்ம காமனை எத்தனாம் நாள் எழுப்புறோம்?"

இராமையாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மடியை அவிழ்த்து இன்னொரு காசை எடுத்துப் போட்டான். மனிதன் எழுந்து நின்றான். கடையில் இருந்த தோட்டத்து ஆட்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தது. செத்தவனை எழுப்பாமல் கடையை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு பேச்சு டயகம வரைக்கும் போய்விட்டது. உலகத்தில் எத்தனையோ ஊரில் அந்தப் பெட்டி இருந்திருக்கும். தோற்றால் எரிச்சல்பட்டுக்கொண்டு போயிருப்பார்கள். தோற்றவனை அப்படியே விட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்து, அரிசிக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டவர்கள் எங்கள் சனமாகத்தான் இருக்க வேண்டும். கிளம்புகிறவன் மனிதனை உயிரோடு நிறுத்திவிட்டு, கம்பியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவான். அடுத்தவன் வருகிற வரைக்கும் காத்திருக்கிற ஆட்களும் உண்டு. அவர்கள் காத்திருக்கும்போது டீயும் வடையும் ஓடியது. பொன்னையா முதலாளி அழகனைக் கிளாஸ் கழுவுகிற இடத்திலிருந்து எழுப்பி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"நீ கதைய சொல்லு. கையி நோவ வேணாம்" என்றார்.

அழகன் சொன்னான். ஏமாற்றுகிற எண்ணம் அவனுக்கு இல்லை. அவன் முதலில் தனக்குத்தான் அதைச் சொல்லிக்கொண்டான். தொப்பிக்காரன் எந்த லயம், எந்த ஆபீசில் மனு மாறியது, பாறையை உருட்டுகிறவன் யார், அவள் எத்தனை மழையாக வாசலில் நிற்கிறாள் என்று ஒரு நாளைக்கு ஒன்று முளைத்தது. அவன் சொல்லச் சொல்ல ஆடுகிறவன் கண் கலங்கும். கண் கலங்கினால் பாறை தெரியாது. பாறை தெரியாவிட்டால் இன்னொரு காசு.

இந்தக் கதைக்கெல்லாம் மசியாத ஒரே ஆள் வியாகுலம். றொசல்லயிலிருந்து ரயிலில் வந்து, பக்கத்துத் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிற மாதா கோயில் வேதக்காரப் பையன். இருபத்தைந்து வயசிருக்கும். பகல் சாப்பாட்டு நேரத்தில் வருவான், ஒரே ஒரு காசு போடுவான், கூட்டமே வாய் பிளக்க மலைக்கு மேல் மலை ஏற்றுவான். தையல்காரன் கை, துணியில் மடிப்பு வருமுன்னே விரல் அங்கே போய்விடும். மனிதன் வாசலைத் தொட்டதும் வெளிச்சம் மின்னும், பாவாடைக்காரி மறைவாள், வேறு மலை எழும்பும், அதன் உச்சியில் மறுபடியும் அவள் நிற்பாள். பாறை முன்னையைவிட வேகமாக வரும். வியாகுலம் அவளை ஏறிட்டும் பார்க்க மாட்டான்.

"அவ மொகத்த ஒரு தடவ பாருடா தம்பி" என்பான் அழகன்.

"மொகத்த பாத்தா கல்லுல அடிபடுவேண்ணே. இதுல கதை கிடையாது. கல்லு வருது, தாண்டுறோம். தாண்டுறதுதான் வெளையாட்டு. அந்தப் பொம்பள இருந்தாலும் ஒன்னுதான், அந்த எடத்துல ஒரு பூசணிக்காய வச்சாலும் ஒன்னுதான்."

"பூசணிக்காய்க்காக எவன்டா மலை ஏறுவான்?"

"நான் ஏறுவேன்."

கடையே இரண்டாகப் பிரிந்து கத்தும். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று லாவணியில் இரண்டு கட்சி மோதுகிற மாதிரி, கதைக் கட்சி, கைக் கட்சி என்று பொன்னையா முதலாளி பெயர் வைத்தார். கதை இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடிப் பெட்டி என்று ஒரு கட்சி. கை ஓடாவிட்டால் கதை முதல் படியிலேயே செத்துக் கிடக்கும் என்று மற்றக் கட்சி. வாதம் சூடு பிடித்தால் டீ இன்னும் ஓடியது. அதனால் தீர்ப்புச் சொல்ல முதலாளிக்கு அவசரமில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் டவுன் எரிந்தது. பொன்னையா முதலாளியின் கடைக் கதவை உடைத்து மாவையும் சீனியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கேம் பெட்டியைச் சாக்கு போட்டு மூடி விறகுக் கொட்டிலில் தள்ளியிருந்ததால் அது தப்பியது. அந்த நாட்களை வைத்து அழகன் எந்தக் கதையும் கட்டவில்லை. வாய் வரவில்லை அவனுக்கு. கடை திறந்தபோது பாதி முகங்களைக் காணோம். இந்தியாவுக்குப் போவதா என்று ஆறு வருசமாக யோசித்தவர்களெல்லாம் ஆறே நாளில் மூட்டையைக் கட்டியிருந்தார்கள்.

எண்பத்து நாலு தை மாதத்தில் அழகனுடைய பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் செல்லசாமி கடைக்கு வந்தான். கப்பலில் போய்ச் சேலையும் லுங்கியும் கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக விற்கிறவன்.

"ராக்காயிய கோத்தகிரியில பாத்தேன்" என்றான். "அங்கயும் கொழுந்துதான் ஆயுது. தனியாத்தான் இருக்கு."

அழகன் கிளாஸைக் கீழே வைத்தான். "என்னைய கேட்டுச்சா?"

செல்லசாமி கொஞ்சம் தயங்கினான். "கேட்டுச்சு. இன்னமும் பொம்பள வேசந்தான் கட்டுறாரான்னு கேட்டுச்சு. வாறதுன்னா வரச் சொல்லுங்க, வராட்டி வேற சேதி எதுவும் கொண்டாராதீங்கன்னு சொல்லிச்சு."

 வியாகுலம்தான் முதலில் எழுந்தான்.

"இன்னும் என்னாண்ணே? அடுத்த கெழமையே ரயில் ஏறுங்க. கப்பல் எத்தன நாளைக்கு ஓடும்னு யாருக்குத் தெரியும்? மன்னாரு பக்கமெல்லாம் கெட்டுப் போயிக் கெடக்கு."

"போறேன் தம்பி. மாசி வருதுல்ல. தோட்டத்துல கேட்டு ஆளனுப்பிட்டாங்க. இதான் கடைசி. எழுப்பி விட்டுட்டுப் போயிடுறேன்."

வியாகுலம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் ரதிக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்ததும் அவன்தான். அந்த வருசமும் தோட்டத்துக்கு ஏறிப்போய், எஞ்சியிருந்த சனத்துக்கு நடுவில் அழகன் காப்புக் கட்டினான், அழுதான். காமனை எழுப்பினார்கள். மாசி முடிந்தது. பங்குனியில் முதலாளிக்கு ஆள் இல்லை என்றான். சித்திரையில் இருமல் என்றான். வைகாசியில் நாள் சரியில்லை என்றான்.

நிசம் என்னவென்றால் அவனுக்குப் பயம். பெட்டிக்குள் நிற்கிறவள் எத்தனை மலை மாறினாலும் வாசலில்தான் நிற்பாள், இவன் வருகிற திசையைத்தான் பார்ப்பாள். கோத்தகிரியில் இருக்கிறவள் அப்படி நிற்பாளா? கதவைத் திறந்து, மணிக்கட்டைப் பார்த்து, உள்ளே போய்விட்டால்? இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் அவன் அதையும் ஒரு கதையாக்கினான்.

"தம்பி, நீ கடைசி மலைய ஏத்தி முடி. அவங்க ரெண்டு பேரும் சேர்ற அன்னைக்கு நான் கெளம்புறேன். எனக்கு அது ஒரு சகுனம்."

"வெளையாடுறீங்களாண்ணே?"

"சத்தியமா. அன்னைக்கே ரயிலேறிடுறேன்."

வியாகுலம் பல்லைக் கடித்தான். பூசணிக்காய்க்கும் ஏறுவேன் என்றவன் அன்றிலிருந்து அந்தப் பாவாடைக்காரிக்காக ஏற ஆரம்பித்தான். சாப்பாட்டு நேரமெல்லாம் பெட்டிக்கு முன்னால்தான். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். றொசல்ல ரயிலை விட்டுவிட்டு மழையில் நடந்தே போன நாட்கள் உண்டு. யாரும் கண்டிராத மலைகளெல்லாம் எழும்பின. பாறை வருவது கண்ணுக்கே தெரியாது, அவன் விரலுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு உச்சியிலும் அழகன் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பான். வெளிச்சம் மின்னும். அவள் மறைவாள். வேறு மலை.

"இன்னும் எத்தன இருக்குண்ணே?" வியாகுலத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

"அடுத்தது கடைசியா இருக்கும் தம்பி."

ஆனி போனது, ஆடி போனது, ஆவணி போனது. கதைக் கட்சிக்காரனின் பயத்துக்காகக் கைக் கட்சிக்காரன் இப்படிக் கையொடிய உழைத்தான். அந்த நேரத்தில் கப்பல் வாரம் தவறாமல் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் பெட்டி புகைந்து நின்றது. கொழும்பிலிருந்து சரி பார்க்க ஒரு சிங்களப் பையன் வந்தான். பின்பக்கப் பலகையைக் கழற்றி, வயரை மாற்றி, காசில்லாமலே மலைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அழகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். தெரிந்த சிங்களத்தில், மாத்தயா, கடைசி மலையில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்களா, அதை மட்டும் ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டான்.

பையனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் நல்ல பிள்ளையாகச் சிரித்தான். கடைசி மலை என்று ஒன்று இல்லை, கொஞ்சம் மலைகள் இருக்கின்றன, அவை முடிந்தால் முதலிலிருந்து அதே மலைகள்தான் திரும்பத் திரும்ப வேகமாக வரும் என்றான்.

"எதகொட கதாவ?" என்று கேட்டான் அழகன். அப்படியென்றால் கதை?

"கதாவக் நே ஐயே. செல்லம விதரய்."

கதை ஒன்றும் இல்லை அண்ணே, விளையாட்டு மட்டும்தான். அவன் பலகையை மாட்டிவிட்டு, முதலாளி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத பையன். அழகன் அதற்கப்புறம் ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

இரண்டு நாள் கழித்துச் செல்லசாமி வெறும் சாக்கோடு மன்னாரிலிருந்து திரும்பி வந்தான். சேலை வாங்கக் கொண்டுபோன சாக்கு அது, கப்பல் ஏற முடியாமல் அப்படியே திரும்பியது.

"கப்பல நிப்பாட்டிட்டாங்க" என்றான். "இனி ஓடாதாம். சனம் பாஸ்போட்ட கையில வச்சிக்கிட்டு அங்க அழுதுக்கிட்டு நிக்குது."

வியாகுலம் தைத்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து வந்தான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கத்துவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் சத்தத்தைக் கூட்டவே இல்லை.

"அண்ணே, நான் இத்தன மாசமா ஏறுனேன். நூறு தடவ அவ வாசல தொட்டுட்டேன். நீங்க ஒரு தடவயாச்சும் இந்தக் கம்பிய தொட்டிருக்கீங்களா?"

அழகன் தொட்டதில்லை. இரண்டு வருசமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவன், ஒரு தடவையும் தொட்டதில்லை.

"கதைய நீங்க வச்சிக்கிட்டீங்க. ஏறுறதுக்கு மட்டும் அடுத்தவன் வேணும் ஒங்களுக்கு. காமனை எழுப்புறதுக்குச் சிவன் வரணும், இவன ஏத்துறதுக்கு நான் வரணும். ராக்காயி அக்கா பாலத்துக்கு அங்கிட்டு நின்னு கேட்டது என்னா? ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு வைக்கச் சொன்னாங்க."

பாலத்துக் கதையை அழகன்தான் அவனுக்கு எப்போதோ சொல்லியிருந்தான். உருக்கமாகச் சொல்லியிருந்தான். அதைக் கேட்டு அன்றைக்கு வியாகுலம் கண்ணைத் துடைத்துக்கொண்டது அழகனுக்கு நினைவுக்கு வந்தது. 

வியாகுலம் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் பெட்டிப் பக்கம் வரவில்லை.

அடுத்த சம்பள நாளில் கடை நிறைந்திருந்தது. யாரும் பெட்டியில் ஆடிக்கொண்டிருக்கவில்லை. அழகன் தன் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றான். மலை எழும்பியது. "ரதி ஆடுதுடோய்!" என்று யாரோ சிரித்தார்கள், எல்லாரும் டீயோடு எழுந்து வந்து சுற்றிக்கொண்டார்கள். சிவப்புக் குமிழை அவன் முழுக் கையாலும் இறுகப் பிடித்திருந்தான். கம்பி இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. பார்வையெல்லாம் உச்சியில் இருந்தது.

முதல் பாறையில் ஒரு உயிர் போனது. இரண்டாவது உயிரும் அதே படியில், அதே பாறையில் போனது. மூன்றாவதில் அவன் கண்ணைக் கீழே இறக்கிப் பாறையைப் பார்த்தான், தாண்டினான், ஒரு படி ஏறினான். கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் பழக்க தோசத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த பாறை அடித்துப் போட்டுவிட்டது.

குட்டி மனிதன் மலையடியில் மல்லாந்து கிடந்தான். பெட்டி அழுகைப் பாட்டுப் பாடியது. அழகன் கம்பியை விட்டுவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

இராமையா தன் மடியிலிருந்து காசு எடுத்து நீட்டினான். "இந்தாங்கண்ணே, போடுங்க. எழுப்புங்க."

"கெடக்கட்டும்."

"என்னாண்ணே சொல்றீங்க? நீங்கதான சொன்னீங்க, எழுப்பாம போகக் கூடாதுன்னு?"

"சொன்னேன்."

"ரதியே இப்புடி வுட்டுட்டுப் போனா அவனுக்காக யாரு அழுவுறது?"

அழகன் அவனைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. "அழுதுக்கிட்டே நின்னதுலதான்யா அவ போயிட்டா" என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். தொட்டியில் கிளாஸ்கள் குவிந்து கிடந்தன. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான். மேட்டில் ரயில் கூவியது, அவன் நிமிரவில்லை. இராமையா வேறு ஒருத்தன் கையில் காசைக் கொடுத்துப் போட வைத்து எப்படியோ அந்த மனிதனை எழுப்பிவிட்டான். கடையில் எல்லாரும் பெருமூச்சு விட்டது பின்பக்கம் வரைக்கும் கேட்டது.

மாசியில் கல்லுமலையிலிருந்து ஆள் வந்தது. அழகன் கையை நீட்டவில்லை. சின்னராசா சேலை கட்டினான், பல்வலிக்காரன் போலத்தான் அழுதான், காமனும் எழுந்து நிற்கத்தான் செய்தான். அழகன் வேசத்தை விட்டுவிட்டான் என்ற சேதி டிக்கோயா முழுக்கப் பரவியது. கோத்தகிரியில் அதைக் கேட்க ஒருத்தி இருந்தாள். கொண்டுபோய்ச் சொல்லத்தான் இனிக் கப்பல் இல்லை.